தரம் 2 பிள்ளைகளுக்குச் சுதந்திர தினம்: கொடிக்கு நிறந்தீட்டுவதோடு முடியாமல் வகுப்பில் என்ன செய்யலாம்?

உப்புவெளி ரீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகருக்குக் கிட்டவுள்ள தமிழ்மொழிப் பாடசாலை. தரம் 2, பிள்ளைகள் 34 பேர். பெப்ரவரி 4 விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய வாரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் இரண்டு பாடவேளையும் சித்திரத்தில் ஒன்றும் ஒதுக்கலாம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: அச்சடித்த கொடிப்படத்தைக் கொடுத்து நிறந்தீட்டச் சொல்வோம், ஈர்க்கில் ஒட்டுவோம், காலைக்கூட்டத்தில் அசைப்பார்கள். இடைவேளைக்குள் பாதிக் கொடி மண்ணில் கிடக்கும். "எதற்கு இந்த நாள்?" என்று கேட்டால் "லீவு" என்று பதில் வரும். இந்த முறை பிள்ளை ஒரு விஷயத்தையாவது சரியாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.

கொடியைச் சரியான அளவில் செய்ய ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கணக்கு ஏதும் உண்டா? சுதந்திரம் என்பதை இந்த வயதுக்கு எப்படி விளக்குவது? தேசிய கீதத்தை வெறும் மனப்பாடமாக இல்லாமல் எப்படிப் பழக்குவது? வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தாய் சிங்களம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவர் மனமும் நோகக்கூடாது. பெற்றோரிடம் காசு சேர்ப்பதும் இல்லை.

வெண்கட்டி:

ரீச்சர், கொடியைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நிறந்தீட்டுவதை விட்டுவிட்டு ஒட்டுச்சித்திரமாகச் செய்யுங்கள். நிறந்தீட்டும்போது பிள்ளை கோட்டை மட்டும்தான் பார்க்கும். துண்டு துண்டாக ஒட்டும்போது எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று யோசித்தே ஆகவேண்டும்.

நமது கொடியின் நீளம் அகலத்தைப்போல இரு மடங்கு. மஞ்சள் ஏ4 தாளை 28 சென்ரிமீற்றருக்கு 14 ஆக வெட்டுங்கள். இதுதான் அடித்தாள். சுற்றிவர 1 செ.மீ. மஞ்சள் கரை விட்டால் உள்ளே 12 செ.மீ. உயரம் இருக்கும். இடப்பக்கத்திலிருந்து முதலில் பச்சை 3.5 செ.மீ., அதை ஒட்டினாற்போல் செம்மஞ்சள் 3.5 செ.மீ., பிறகு 1 செ.மீ. மஞ்சள் இடைவெளி, அதன்பின் 18 செ.மீ. கபில நிறம். கரையோடு கூட்டிப் பாருங்கள், சரியாக 28 வரும். அந்த 1 செ.மீ. இடைவெளியைத்தான் அநேகமானோர் மறக்கிறார்கள். செம்மஞ்சளும் கபிலமும் ஒட்டிப் போனால் கொடி பிழை.

14 வெட்டியபின் மிஞ்சும் 7 செ.மீ. மஞ்சள் பட்டையை எறிய வேண்டாம். சிங்கமும் நான்கு அரசிலைகளும் அதிலிருந்துதான். சிங்கத்தைப் பிள்ளையிடம் வரையச் சொல்லக்கூடாது, இந்த வயதில் அது முடியாது. 7 செ.மீ. உயரத்துக்குள் அடங்கும்படி ஒரு சிங்கத்தை மட்டையில் வெட்டி வைத்து, நீங்களே சுற்றிக் கோடு போட்டு வெட்டிக் கொடுங்கள். அசல் கொடியில் இருப்பதைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரியும், பரவாயில்லை.

தாள் கணக்கு: ஒரு கபிலத் தாளில் 18க்கு 12 துண்டு இரண்டுதான் வரும். பச்சையிலும் செம்மஞ்சளிலும் ஒரு தாளுக்கு 12 பட்டைகள் வரும். ஆளுக்கொரு கொடி என்றால் மஞ்சள் 34, கபிலம் 17, பச்சை 3, செம்மஞ்சள் 3. இரண்டு பேருக்கு ஒரு கொடி என்றால் மஞ்சள் 17, கபிலம் 9, பச்சை 2, செம்மஞ்சள் 2, மொத்தம் 30 தாள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். செலவு பாதி, "இது பிழை, இந்தப் பக்கம் வை" என்று பிள்ளைகள் தங்களுக்குள்ளே பேசித் திருத்திக்கொள்வதும் அப்போதுதான் நடக்கும்.

கடையில் கபில நிறம் கேட்டால் சில நேரம் சிவப்பைத் தருவார்கள். சிவப்பை அப்படியே ஒட்டவேண்டாம். வெள்ளைத் தாளில் முதலில் சிவப்புப் பெஸ்டல், அதன்மேல் அதே திசையில் மண்ணிறத்தை மெல்லிதாகப் பூசினால் அசல் நிறத்துக்குக் கிட்ட வரும். கிரேப் தாள் வாங்கவே வேண்டாம். பசை ஈரம் பட்டதும் சாயம் கழன்று மஞ்சள் கரையெல்லாம் ஊறிவிடும்.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கோப்பைத் தண்ணீருக்குள் ஊற்றி, விடாமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை மாறிப் பளபளப்பு வரும், இறக்கிவிடலாம். அன்றே பாவிக்க வேண்டும், அடுத்த நாள் புளித்து மணக்கும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு யோகட் கப் பசை போதும். விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் பூசச் சொல்லுங்கள். நடுவில் அப்பினால் தாள் சுருங்கும்.

ஒட்டும் வரிசை: பச்சை, செம்மஞ்சள், கபிலம். பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு இலைகள், கடைசியாகச் சிங்கம். ஈரத்தோடு சிங்கத்தை வைத்தால் கை பட்டு நகரும். அரசிலைகள் கபிலப் பகுதியின் நான்கு மூலைகளில் வரவேண்டும். மஞ்சள் கரையின் மூலையில் ஒட்டுவது பிள்ளைகள் விடும் வழமையான பிழை. கபிலத் துண்டில் பென்சிலால் நான்கு புள்ளி வைத்துக் கொடுத்தால் வராது.

அடுத்த பிழை கம்பு. சிங்கம் வாளோடு கம்பத்தைப் பார்த்து நிற்கும், பச்சை கம்பத்துக்கு அருகில் இருக்கும். "சிங்கம் கம்பைப் பார்க்கும்" என்று பிள்ளைகளையே சொல்லவையுங்கள், கம்பு மறுபக்கம் போகாது. ஈர்க்கு வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தும். பழைய தாளை இறுக்கமாகச் சுருட்டி ஒட்டினால் கம்பு தயார்.

கோட்டை வாசல்:

வெண்கட்டி சேரின் அளவுகளைத் தாளில் எழுதி அலுமாரிக்குள் ஒட்டிவையுங்கள், ஒவ்வொரு வருடமும் உதவும்.

சுதந்திரம் என்ற சொல்லுக்கு "விடுதலை" என்று இன்னொரு சொல்லைக் கொடுப்பதால் தரம் 2 பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றுண்டு: யார் முடிவெடுக்கிறார்கள் என்பது. அதில் தொடங்குங்கள்.

மூன்று கடித உறைகள் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. "இன்று பச்சைப் பெஸ்டலை ஒருவரும் தொடக்கூடாது." "பாட்டை நான் சொல்வேன், நீங்கள் தெரிவுசெய்யக்கூடாது." "இன்று கதை இல்லை." கடிதம் மிகத் தூர ஊரிலிருந்து வருகிறது, எழுதியவர் இந்த வகுப்பைக் கண்டதே இல்லை என்று சொல்லி, ஒவ்வொன்றாக வாசித்து உடனே நடைமுறைப்படுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவேண்டாம். ஆறு, ஏழு வயதில் அநியாயத்தை விளையாட்டாக நீண்ட நேரம் தாங்கமாட்டார்கள், அழுவார்கள். ஒரு பிள்ளையை ஆளுநராக இருத்தவும் வேண்டாம். விளையாட்டு முடிந்தபின்னும் அந்தப் பிள்ளைமீதான கோபம் மிஞ்சும். கடிதம் வாசிப்பது நீங்களாகவே இருங்கள். தண்ணீர், கழிவறை, சாப்பாடு சம்பந்தமான கட்டளை எதுவும் கூடாது.

பிறகு கேளுங்கள்: கட்டளை போட்டவர் நம் வகுப்பைப் பார்த்திருக்கிறாரா? பச்சை நமக்கு எதற்குத் தேவை என்று அவருக்குத் தெரியுமா? பதில்கள் தானாக வரும். அதன்பின் வகுப்பே ஒரு முடிவு எடுக்கட்டும். நாளைக்கு வெளியில் விளையாடுவது கரப்பந்தா, கிளித்தட்டா? ஆளுக்கொரு புளியங்கொட்டை. அலுமாரிக்குப் பின்னால் இரண்டு கப், ஒவ்வொன்றிலும் ஒரு படம். மேசைமேல் வைத்தால் சிநேகிதர் போட்ட கப்பில்தான் எல்லோரும் போடுவார்கள், ஆகவே மறைவு முக்கியம். எல்லோர் முன்னாலும் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுங்கள், கணிதமும் நடந்துவிடும். தோற்ற பக்கத்துப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைப்பார்கள். அடுத்த கிழமை இன்னொரு வாக்கெடுப்பு உண்டு என்று சொல்லுங்கள், சொன்னபடி நடத்தவும் வேண்டும்.

இதற்குப் பிறகு ஒரு வசனம் போதும்: "முன்னொரு காலம் நம் நாட்டுக்கான முடிவுகளைத் தூரத்திலிருந்த பிரித்தானியர் எடுத்தார்கள். 1948 பெப்ரவரி 4 முதல் இங்கே உள்ளவர்கள் எடுக்கத் தொடங்கினார்கள்." முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்க என்பதைப் படத்தோடு காட்டலாம். அதற்கு மேல் தரம் 2க்கு வேண்டாம்.

ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. பிரித்தானிய முடி 1948இல் முற்றாகப் போகவில்லை. இலங்கை குடியரசானது 1972 மே 22ஆம் திகதி. அதுவரை அரச தலைமை முடியிடமே இருந்தது. ஆகவே "அன்றோடு ராஜா போய்விட்டார்" என்று சொல்லிக் கொடுக்கவேண்டாம், பின்னால் தரம் 6இல் வேறொன்று படித்துக் குழம்புவார்கள். நமது ஊருக்கு இதில் தனி இடம் உண்டு. சுதந்திரம் கிடைத்தபின்னும் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தது, 1957இல்தான் தளம் கையளிக்கப்பட்டது. கொழும்பில் கொடியேறி ஒன்பது வருடம் கழித்துத்தான் நம் துறைமுகம் கைக்கு வந்தது என்பதை மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் கவனித்துக் கேட்பார்கள்.

தரம் 4, 5 எடுப்பவர்கள் கயிற்று நேரக்கோடு செய்யுங்கள். 5.5 மீற்றர் கயிறு, ஒரு வருடத்துக்கு 1 செ.மீ. தொடக்க முடிச்சு 1505, போர்த்துக்கேயர் வந்த வருடம். 134ஆவது செ.மீ.இல் 1639, ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது. 290இல் 1795, பிரித்தானியர் அதைப் பிடித்தது. 310இல் 1815, கண்டி வீழ்ந்தது. 437இல் 1942, ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டது. 443இல் 1948, 452இல் 1957, 467இல் 1972. உடுப்புக் கிளிப்பால் அட்டைகளை மாட்டலாம். 437க்குப் பிறகு அட்டைகள் ஒன்றன்மேலொன்று ஏறும், அதனால் அங்கே ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாகத் தொங்கவிடுங்கள். கயிறு நைலோனாக இருந்தால் இழுபட்டு அளவு பிசகும், சணல் நல்லது. கடைசியில் பிள்ளை தான் பிறந்த வருடத்தை அடிமட்டத்தால் அளந்து கட்டட்டும். அப்போதுதான் 1948 எவ்வளவு கிட்ட, 1505 எவ்வளவு தூரம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கொட்டியாரம்:

மனம் நோகாமல் நடத்துவது பற்றிக் கேட்டீர்கள். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, இன உடை அணிவகுப்பு. நான்கு பிள்ளைகளைத் தெரிவுசெய்து வேட்டி, தொப்பி, ஒசரி (சிங்களப் பெண்கள் உடுத்தும் சேலை), கவுன் என்று உடுத்தி மேடையில் நிறுத்துவது பல பாடசாலைகளில் நடக்கிறது. இந்த வயதில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. உடுப்புக்குப் பெற்றோர் அலைய வேண்டும். உடை கிடைக்காத பிள்ளை பின்னால் நிற்கும். தாய் சிங்களமும் தகப்பன் தமிழுமாக உள்ள பிள்ளையிடம் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கும்படி ஆகிவிடும். நமது மாவட்டத்தில் பறங்கியர் இருக்கிறார்கள், மூதூர்ப் பக்கம் வேடர் வழிவந்த ஊர்கள் இருக்கின்றன. நான்கு உடைக்குள் அவர்கள் எங்கே?

இரண்டு, கொடியின் நிறங்கள். கபிலம் சிங்களவர், செம்மஞ்சள் தமிழர், பச்சை முஸ்லிம்கள் என்று சொல்லிவிட்டு, அந்தந்த நிறத்துக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். தரம் 2இல் அந்த விளக்கத்தையே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நான்கு அரசிலைகள் நான்கு நற்குணம் என்பது இந்த வயதுக்குப் போதும்: அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், ஒரு பக்கம் சாயாதிருத்தல். ஒவ்வொரு இலையின் பின்னாலும் அந்தக் குணத்துக்கு ஒரு செயலைப் பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதுங்கள்.

மூன்றாவது, வெளிப்படையாகவே பேசவேண்டியது. வடக்கு கிழக்கில் இந்த நாளைக் கரிநாளாகக் கடைப்பிடிக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். போரில் ஆளை இழந்த வீடுகளின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். பிள்ளை வீட்டில் கேட்டதை வகுப்பில் சொன்னால் அடக்கவேண்டாம், வாதம் செய்யவும் வேண்டாம். "உன் வீட்டில் அப்படி நினைக்கிறார்கள், சரி. நாங்கள் இன்று 1948இல் என்ன நடந்தது என்று படிக்கிறோம்" என்பது போதும். பலகையில் "கொண்டாடுவோம்" என்பதற்குப் பதில் "அறிவோம்" என்று எழுதுங்கள். கோஷம் போடவைப்பது, "நாட்டுக்காக உயிர் கொடுப்பேன்" என்று உறுதிமொழி சொல்லவைப்பது, துவக்குப் பொம்மையோடு அணிவகுப்பது எதுவும் கூடாது. இந்த ஊரில் துவக்கைப் பிள்ளையின் கையில் கொடுத்து நாட்டுப்பற்றைக் கற்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெண்கட்டி:

கொட்டியாரம் சேர், வரிசையில் நிறுத்துவது பிழை என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் நிற விளக்கத்தை முழுதாக விடுவதில் உடன்பாடில்லை. தொலைக்காட்சியிலும் அண்ணன் அக்காமாரிடமும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் வரும். நாம் சொல்லாவிட்டால் "பெரிய துண்டு எங்களுடையது, சின்னத் துண்டு உங்களுடையது" என்று விளையாட்டு மைதானத்தில் சண்டையாக வரும். கேள்வி வந்தால் நேராகச் சொல்லிவிட்டு, சுற்றிவர ஓடும் மஞ்சள் கரையை விரலால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்றுப் போகச் சொல்லலாம். எல்லாத் துண்டையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான் என்பதைப் பிள்ளை கையாலேயே உணரும்.

கொட்டியாரம்:

கேள்வி வந்தால் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆசிரியராகத் தொடங்கிவைக்க வேண்டாம் என்பதுதான் என் பக்கம்.

சுருதி:

தேசிய கீதம் பற்றி. தமிழ் வடிவம் பாடநூல்களின் முன்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது, அதையே பாவியுங்கள். இணையத்தில் கிடைக்கும் எழுத்துப்பிழை நிறைந்த படங்களைப் பிரதி எடுக்கவேண்டாம். மூலப் பாடலும் இசையும் ஆனந்த சமரக்கோன், தமிழாக்கம் பண்டிதர் மு. நல்லதம்பி. மெட்டு ஒன்றுதான், ஆகவே வீட்டில் சிங்களத்தில் கேட்டுப் பழகிய பிள்ளைக்கும் மெட்டு புதிதல்ல. கொழும்பில் நடக்கும் தேசிய விழாவில் 1949இல் தமிழில் பாடப்பட்டது, அதன்பின் 2016இல் மீண்டும் பாடப்பட்டது.

ஒரே நாளில் முழுவதையும் பழக்கவேண்டாம். காலையில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வரி, அடுத்த நாள் பழைய வரிகளோடு புதிய இரண்டு. முதலில் பாடாமல் வாசியுங்கள். சொல்லைப் பிரித்துக் காட்டாவிட்டால் பிள்ளைகள் காதில் விழுந்ததைத் தங்களுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவார்கள். அது ஒருமுறை பதிந்தால் தரம் 5 வரைக்கும் போகாது. ஆகவே மூன்றாம் நாள் நான்கு நான்கு பேராகப் பாடவைத்துக் கிட்ட நின்று கேளுங்கள். 34 பேர் சேர்ந்து பாடும்போது பிழை காதில் விழாது.

தொடக்கச் சுருதியை உங்கள் குரலுக்கு வசதியாகத் தாழ எடுத்தால் பிள்ளைகளுக்கு அடிச்சுரம் எட்டாது, பேசுவதுபோல முணுமுணுப்பார்கள். மேலே எடுத்தால் உச்ச வரியில் கத்துவார்கள். குரல் தெளிவான ஒரு பிள்ளையை முதலில் தனியே பாடவிட்டு, எங்கே சிரமமில்லாமல் பாடுகிறது என்று பார்த்து அந்தச் சுருதியை ஆர்மோனியத்திலோ தொலைபேசிச் செயலியிலோ குறித்துவையுங்கள். கைதட்டல், தாளம் வேண்டாம். நேராக நின்று பாடுவது மட்டும்.

உப்புவெளி ரீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடித விளையாட்டும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும் போலிருக்கிறது. சோடிக் கொடிதான் செய்யப்போகிறேன். இரண்டு கேள்வி. நமது பாடசாலை கடற்கரைக்குக் கிட்ட, இந்த மாதங்களில் வாடைக்காற்றுப் பலம், சில நாள் மழையும். காலைக்கூட்டத்தில் தாள் கொடி நிற்குமா? மற்றது, பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போகலாமா?

வெண்கட்டி:

நிற்காது. 28 செ.மீ. தாளை அந்தக் காற்று ஒரு நிமிடத்தில் கிழிக்கும். கொடிகளை வகுப்புச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில், ஏறத்தாழ 1 மீற்றரில் ஒட்டுங்கள். வெளியில் அலங்காரம் வேண்டுமென்றால் தென்னங்குருத்துத் தோரணம் கட்டுங்கள். காற்றுக்கும் மழைக்கும் அதுதான் தாங்கும், பொலித்தீனும் இல்லை. குருத்தை முதல் நாள் பின்னேரம் கிழித்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் காலையில் மடிக்க முறியாது. பிள்ளைகளுக்கு ஓலையில் கிளி செய்யக் காட்டலாம், கத்தி மட்டும் ஆசிரியரின் கையில்.

கிழிந்த தாள் கொடிகளைச் சாப்பாட்டுக் குப்பையோடு போடாமல் ஒரு உறைக்குள் சேர்த்துவையுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோட்டை வாசல்:

கோட்டைக்குப் போகலாம், ஆனால் தரம் 2க்கு வாசல் வரைக்கும் போதும். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அதிபர் மூலம் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், முகாம் பக்கம் படம் எடுக்கக்கூடாது. காலை எட்டரைக்குள் தொடங்கினால் வெயிலுக்கு முன் திரும்பலாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கட்டாயம், கோணேசர் கோயிலுக்குப் போகும் வாகனங்கள் அந்த ஒரே வாசலால்தான் நுழைகின்றன.

வாசல் முகப்பில் பிரித்தானிய அரச இலச்சினை செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே நின்று ஒரு கேள்வி: "நமது கொடியில் உள்ள சிங்கமும் இந்தக் கல்லில் உள்ள விலங்குகளும் ஒன்றா?" ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கவிடுங்கள். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கல்லில் பொறித்தவர்கள் போய்விட்டார்கள், கல் இருக்கிறது என்பதை அந்த இடத்தில் சொன்னால் கடிதம் எழுதிய தூர ஊர்க்காரர் யார் என்று பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

கையில் தாள் கொடி, பிஸ்கட் பக்கற், லஞ்ச் ஷீற் எதுவும் கொண்டுபோகவேண்டாம். கோட்டை மான்கள் ஆளுக்குப் பயப்படாதவை. நேரே வந்து கையிலிருப்பதை இழுத்துத் தின்னும். பொலித்தீனையும் தின்றுவிடும், அது அவற்றின் வயிற்றுக்குள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர்ப் போத்தல் மட்டும் போதும். கொப்பி, பென்சில் ஆசிரியரின் பையில் இருக்கட்டும், வாசலில் கொடுத்து வாசலிலேயே வாங்கிவிடுங்கள்.